இரண்டு இடது கைகள்

தெருவே அவளை 'நாளைக்கு அக்கா' என்றுதான் கூப்பிடும். எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்கு வாங்க, கண்டிப்பா ரெடி" என்பாள். பன்னிரண்டு வருடத் தையல்காரி. தையல் கச்சிதம், தேதிதான் பொய்.

அந்த மாதம் தையலிலும் மண் விழுந்தது. ஒரே வாரத்தில் இரண்டு கோட்டுகளுக்கு இரண்டிரண்டு இடது கைகளை வெட்டித் தொலைத்தாள். துணி குறைவென்றால் மடிக்காமல் ஒவ்வொரு கையாக வெட்ட வேண்டும். இரண்டாவது கைக்கு அளவுக் காகிதத்தைத் திருப்பிப் போட்டால்தான் அது வலது கையாக வரும். கற்றுக்குட்டிகூட மறக்காத காரியம்!

"இன்னொரு துணி பாழாச்சுன்னா கடையைச் சாத்திட்டு, பழையபடி கம்பெனி வேலைக்கே போயிடறேன்" என்று கணவனிடம் அழுதாள். சொந்தக் கடை போட அவள் பட்ட பாடு அவனுக்குத் தெரியாததா?

கவனத்தைக் கலைப்பது போன்தான், சனியன் என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ரேடியோவை நிறுத்தினாள். ஊஹூம், மனசு வாசலிலேயே நின்றது.

மூன்றாவது, எதிர்வீட்டு நர்ஸின் கோட்டுத் துணி. வெள்ளிக்கிழமை அவளுக்கு இன்டர்வியூ. துணியோ மட்டுமட்டு. ஒரு கைக்குச் சாக்பீஸால் கோடு போட்டு முடித்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. துணி கொடுத்துவிட்டு நடையாய் நடக்கும் வாத்தியாரோ? அவருக்கு என்ன சொல்லிவைத்தோம்? யாரோ கடந்து போனார்கள். குனிந்து பார்த்தால், காகிதத்தைத் திருப்பாமலே இரண்டாவது கைக்கும் கோடு போட்டிருந்தாள். நல்லவேளை, கத்தரி படவில்லை.

அப்போதுதான் உறைத்தது. தடதடக்கும் மிஷின் சத்தத்திலேயே பன்னிரண்டு வருடம் தைத்தவளைச் செருப்புச் சத்தமா கலைக்கும்? செருப்போடு வருகிறவருக்குச் சொன்ன பொய்யல்லவா கலைக்கிறது! இந்த மாதம் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு 'நாளைக்கு' சொல்லியிருந்தாள்.

அலமாரியைத் திறந்து போனை எடுத்தாள். எட்டுப் பேரிடமும் உண்மையான தேதியைச் சொன்னாள். இரண்டு பேர் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். வாத்தியார் மட்டும், "அப்பாடா! இதை முன்னாடியே சொல்லியிருந்தா என் செருப்பு தேஞ்சிருக்காதேம்மா" என்று சிரித்தார்.

பிறகு தப்பாகப் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தட்டி அழித்தாள். காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் வந்தபோது அவள் அடுத்த துணியில் குனிந்திருந்தாள். நர்ஸ் தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு தடவை கூப்பிட்டேன்க்கா, காது கேக்கலையா?"

"கேக்கலைடி" என்றாள். சொல்லும்போதே சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "நிஜமாவே கேக்கலை! இந்தா, கோட்டைப் போட்டுப் பாரு."