போன் அத்தை

"மூஞ்சியை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல சமையல்கட்டைக் காட்டு" என்கிறார் போன் அத்தை. மறுமுனையில் ஒரு குழந்தை போனை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியை உருட்டுகிறது. திரையில் கூரை, மின்விசிறி, கதவு நிலை, பாதி உரித்த வெங்காயம் எல்லாம் ஆடி ஆடி வருகின்றன. கூடையில் காய் இருக்கிறதா, பிஸ்கட் டப்பா கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதா, தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அத்தை ஒரே சுற்றில் பார்த்துவிடுவார். தாய்மார்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். ஓரிருவர் மட்டும் அவர் அழைக்கும் நேரத்துக்கு முன்பே பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிடுகிறார்கள்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. பதினான்கு வருடம் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. அதன் பிறகு இந்த வேலைக்கு வந்தார். நடக்க முடியாத, கை வராத பிள்ளைகள் இருபத்துமூன்று பேரை வாரம் ஒரு முறை போனில் பார்த்து, சாப்பாடு, தூக்கம், தண்ணீர், உடற்பயிற்சி நான்கையும் ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் வேலை. எல்லோரும் தொலைவில் இருப்பவர்கள். மருத்துவமனைக்கு வருவதென்றால் ஒரு முழு நாள் போய்விடும்.

"உடற்பயிற்சி" என்ற சொல் அவர் வாயில் வராது. "நேத்து என்ன சேட்டை பண்ணினே?" என்றுதான் கேட்பார். பிள்ளை கையைத் தூக்கினால் இவரும் நல்ல கையைத் தூக்குவார். அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர் முதல் வாரம், இந்தம்மா கொசு அடிக்கிறார் என்றே நினைத்திருந்தாராம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. நடக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் விடுவதில்லை, "நீங்க நடந்தீங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். "இல்லடா, சோம்பேறித்தனம்" என்று ஒப்புக்கொள்வார். பொய் சொன்னால் மறுவாரம் அவர்களும் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கையும் மீறி ஒருத்தி மூன்று மாதம் பொய் சொன்னாள். ஒன்பது வயது. பிறக்கும்போதே முதுகுத்தண்டில் கோளாறு. கால்கள் வராது, கைகள் இரும்பு. சிறுநீரில் கிருமி வந்து அந்த வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மூன்றாவது முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது, தண்ணீர் குடிக்க வையுங்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தை ஒரு அட்டை போட்டு அனுப்பினார். தினம் ஆறு டம்ளர், குடித்ததும் ஒரு டிக். அட்டை ஒவ்வொரு வாரமும் நிரம்பி வந்தது. சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் மோசமாகவே வந்தது.

ஒருநாள் அத்தை அட்டையைக் கேமராவுக்கு அருகில் பிடிக்கச் சொன்னார். ஏழு நாள் டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாடியில் காயும் துணியை எடுத்து வரும்படி அம்மாவை அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது முதல் என்ன நடக்கும் என்று கதை கேட்டார். இடைவேளையில் எல்லோரும் ஓடிவிடுவார்கள், தான் வகுப்பிலேயே இருப்பேன் என்றாள் சிறுமி.

"ஒன்னுக்கு வந்தா?"

"வராது. காலையிலேர்ந்து குடிக்கவே மாட்டேனே."

"அப்ப பாட்டில் தண்ணி?"

"செடிக்கு ஊத்திடுவேன்." கொஞ்ச நேரம் நாற்காலிச் சக்கரத்தின் ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "பாத்ரூம் கதவு உள்பக்கமாத் தொறக்கும் அத்தை. நாற்காலி உள்ள போனா இடிச்சுக்கும். சாத்த முடியாது. ஆயா தூக்கி உக்கார வைப்பாங்க. எல்லாரும் பாப்பாங்க."

ஒரு முறை பெரிய வகுப்புப் பெண்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளியில் ஒரு சொட்டு குடித்ததில்லை.

அத்தைக்குச் சுருக்கென்றது. சமையல்கட்டைப் பார்த்தவர், அலமாரியைப் பார்த்தவர், இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்றிருந்தது. "மூணு மாசமா குடி குடின்னு நான்தான் உன்னைப் படுத்தியிருக்கேன். தப்பு என்னோடது" என்றார். பிறகு இதை அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள், சிரித்ததை மட்டும் சொல்லாதீர்கள் என்றாள் சிறுமி. அத்தை அதை இன்று வரை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

அத்தை பள்ளிக்குப் போன் போட்டபோது தலைமையாசிரியை முதலில் பிடி கொடுக்கவில்லை. சுவரை இடிக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அத்தை வாதாடவில்லை. "ஆயாகிட்ட ஒரு ஸ்கேலைக் குடுத்து, போனையும் குடுங்க" என்றார். ஆயா நிலையை அளந்தார், நாற்காலியை அளந்தார். நாற்காலி தாராளமாக நுழையும், இடைஞ்சல் கதவுதான். கீல்களைக் கழற்றி மாட்டி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தால் போதும், ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. கூடவே பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, தாழ்ப்பாளைச் சிறுமியின் கைக்கு எட்டும்படி கீழே இறக்குவது. தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்து, "இவ்வளவுதானா?" என்றார். அந்த வாரக் கடைசியிலேயே தச்சர் வந்துவிட்டார்.

பள்ளியில் ஆயா தூக்கத் தேவையில்லாதபடி வீட்டில் சேட்டை மாறியது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு யாரும் தொடாமல் மாற வேண்டும். அம்மா பக்கத்தில் நிற்பார், பிடிக்கக் கூடாது என்பது உத்தரவு. முதல் வாரம் இரண்டு முறை சறுக்கினாள், அம்மாவும் இரண்டு முறை கத்தினார். மூன்றாம் வாரம் அம்மா நகம் கடிப்பதோடு நிறுத்திக்கொண்டார். அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டார் அத்தை. கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை.

போன வாரம் வகுப்பாசிரியையின் போனிலிருந்து அழைப்பு வந்தது. கதவைக் காட்ட வேண்டும் என்று சிறுமி பிடிவாதம் பிடித்தாளாம். மாற்றி மாட்டிய கீல், கம்பி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினாள். காட்டி முடித்ததும் அவள் முகம் மாறியது. "அத்தை, எனக்கு இப்ப நெஜமாவே வருது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை உள்ளே உருட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஆசிரியை என்ன செய்வதென்று தெரியாமல் போனை மூடிய கதவுக்கு நேராகவே பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை தன் போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.