சிரிக்கிற முகத்தில் வைத்த விரல்

இடுப்பு வலிக்கு மூச்சுப் பயிற்சி என்று கேட்டதுமே எனக்கு எரிச்சல்தான் வந்தது. 2009-இல் சிதம்பரத்தில் அதை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. நாள்பட்ட வலிக்காரர்களுக்கு மெதுவான உடல் அசைவும் மூச்சைக் கவனிப்பதும் கற்றுக்கொடுத்து, வலி குறைகிறதா என்று பார்ப்பார்களாம். கடலூர் செம்மண்டலத்திலிருந்து வாராவாரம் பஸ் பிடித்துப் போனேன். நம்பிப் போகவில்லை. மாத்திரையால் முடியாமல் கையை விரித்தவர்கள் கடைசியாகக் கண்டுபிடித்த சாக்கு என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

சந்தேகத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்றதிலிருந்து என் கணவருக்கு ஒரே பாட்டு. "அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே, எல்லாம் உன் மனசுல இருக்குது" என்பார். நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாற்காலி கேட்டால், மற்ற டீச்சர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். மூச்சு விட்டே வலி போய்விட்டால், இத்தனை நாள் நான் நடித்தேன் என்றுதானே ஆகும்? குணமாகவும் வேண்டும், குணமாகிவிடவும் கூடாது. அந்தப் பயத்தோடுதான் பாயில் படுத்தேன்.

ஆராய்ச்சி நடத்தியவர் ஓர் இளம்பெண் டாக்டர். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டையை நீட்டுவார். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்திருக்கும். இன்றைய வலிக்கு எந்த முகமோ அதைத் தொட வேண்டும். நான் தவறாமல் அழுகிற கோடியைத் தொட்டேன். மற்றவர்கள் விரலோ சிரிப்பை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணாகிராமத்து முந்திரித் தோட்டக்காரர் ஒருவர், கழுத்தைத் திருப்ப முடியாதவர், ஒரு நாள் டாக்டருக்குப் பலாப்பழத்தோடு வந்து முழுச் சிரிப்பையே தொட்டுவிட்டார். அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், பக்கத்தில் வரும் பஸ்ஸைப் பார்க்க மனிதர் கழுத்தை அசைக்காமல் மொத்த உடம்போடு திரும்புகிறார்.

விடுவேனா? பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"இன்னா பண்றது டீச்சர்? அந்தப் பொண்ணு எவ்ளோ பொறுமையா சொல்லிக்குடுக்குது. மூஞ்சிக்கு நேரா இன்னும் வலிக்குதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

பயிற்சிக்கு வரும் முதுநகர் அம்மாள் முன் சீட்டிலிருந்து தலையாட்டினார். "நானும் அப்புடித்தான். பாவம், அது மொகம் வாடிப்பூடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்பது போலவா வலிக்குப் பதில் சொல்வது? அடுத்த வாரம் டாக்டரைத் தனியாகப் பிடித்து, யார் என்று சொல்லாமல், "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சிரிக்கிற மொகத்தத் தொடறாங்க டாக்டர், நம்பிடாதீங்க" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு யார் எந்த முகத்தைத் தொட்டாலும், "நெஜமாவா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் கூட்டம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனேன். இறங்கிய பிறகுதான் உறைத்தது, வழியில் ஒரு தடவைகூட நான் இடுப்பைப் பிடிக்கவில்லை. சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. கணவர் சொன்னதுதான் சரியா? ஓரமாக நின்று குனிந்து நிமிர்ந்து வலியைத் தேடினேன். கொஞ்சம் இருந்தது, பாக்கியெல்லாம் போயிருந்தது. நடக்க நடக்க மனசு தெளிந்தது. இல்லாத வலி எப்படிக் குறையும்? இருந்ததால்தானே குறைந்திருக்கிறது! இதை அப்படியே கணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அட்டை வந்ததும் சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்து முகத்தில் விரலை வைத்தேன்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"டீச்சர், நீங்களுமா? எனக்காகச் சொல்லாதீங்க" என்றார்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அதைப் பார்த்தவர், அட்டையில் அழுகிற முகம் இருந்த கோடியை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.