மாடிப்படியின் திருப்பம்

மாடிப்படி திரும்பும் இடத்தில் அம்மா சாய்ந்து கிடந்த கோலம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. காய்கறிப் பையின் காது அவள் விரலிலேயே மாட்டியிருந்தது. தக்காளிகள் மட்டும் ஒவ்வொரு படியாக உருண்டு இறங்கிக்கொண்டிருந்தன. நெஞ்சுக்குள் யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது என்றாள். உதைத்தது, இதயத் துடிப்பு தறிகெட்டால் ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவருவதற்காக அவள் இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்திருந்த கருவி.

உண்மையில் அன்று எதுவும் தறிகெடவில்லை. வேகமாக ஏறியதில் கூடிய துடிப்பைக் கருவி தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டது. டாக்டர் அதைச் சரிசெய்துவிட்டு, இனி நடக்கலாம், நிதானமாகப் படியும் ஏறலாம், சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கெடுதல் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மலையாள ஊரான கழக்கூட்டத்துக்கு வந்து, ஹாஸ்டல் சமையலறையில் நின்று என்னைப் படிக்கவைத்தவள் அவள். வீட்டில் அவளை உட்காரவைத்து, டாக்டர் சொன்னதைப் படம் வரைந்து விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “டாக்டருக்கா இடிச்சுது? எனக்குல்லா இடிச்சுது” என்றாள்.

அதன்பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான் பாலும் மீனும் மேலே வந்தன. கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடப்பதற்கே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொள்வாள். தலை சீவினால் மூச்சு வாங்கும் அளவுக்குத் தளர்ந்துபோனாள். நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்த சமயம் அது. அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தாலும் எழுந்து ஓடுவேன்.

ஒருநாள் கூடையில் வந்த அயிலை மீனின் செவுள் வெளுத்திருந்தது. அம்மா மேலிருந்தே ஏசியிருக்கிறாள். மீன்காரச் சேச்சியும் விடவில்லை. இன்று வந்த மீன்தான், சம்சயம் உண்டென்றால் இறங்கி வந்து நோக்கு, மகாராணி இறங்கமாட்டாளே என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாளாம். மீட்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றினால், வாசல் கதவு திறந்து கிடக்கிறது. சண்டைச் சத்தம் கீழேயிருந்து வருகிறது. ஓடிப்போய்ப் படியின் உச்சியில் நின்றேன். தெருவில் அம்மா மீனின் செவுளை விரித்துப் பிடித்துக்கொண்டு, “இது செவுளா? அலசிப்போட்ட துணி மாதிரில்லா இருக்கு” என்றாள். சேச்சி முனகிக்கொண்டே பாத்திரத்தின் அடியிலிருந்து வேறு மீன் எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு திரும்பியவள் என்னைப் பார்த்தாள். தான் எங்கே நிற்கிறோம் என்பது என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்தா சேச்சி, சுகமில்லே?” என்று மீன்காரச் சேச்சி குரலைத் தணித்தாள். நான் இறங்கிப் போய், தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

“பேசாம முன்னால நட. திரும்பிப் பாக்காதல. ஒம் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு இடிச்சிரும்.”

நடந்தேன். பின்னால் அவள் செருப்புச் சத்தம். திருப்பத்தில் அது நின்றது. சுவரில் கை உரசுவது கேட்டது, மூச்சு கேட்டது. என் முதுகு முழுவதும் காதாக நின்றேன். பிறகு செருப்பு அடுத்த படியில் விழுந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் இறங்கி ரோட்டு முனை வரை நடந்துவிட்டு வருகிறாள். ஏறும்போது அந்தத் திருப்பத்தில் ஒரு கணம் நிற்கிறாள். உள்ளே டைப் அடித்துக்கொண்டிருக்கும் என் விரல்களும் நின்றுவிடுகின்றன. எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.