அவள் போகக் கூடாது

கவிதா மாடிப்படியில் வழுக்கி விழுந்தது பனி ஈரத்தால் அல்ல. என்னால்!

அந்தப் படியில் எண்ணெய் தடவியவள் நான். அவள் விழ வேண்டும் என்று தடவவில்லை... அவள் போகக் கூடாது என்றுதான் தடவினேன். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

இதை இதுவரை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவள் கவிதா அல்ல. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகம் அறியாதவர் என்பதால் சொல்ல முடிகிறது. இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழ்கிறேன். கீழ்வீடு என்னுடையது. மேல்வீட்டில் கவிதா, அவள் கணவர் செந்தில், மகள் மாயா. என் கணவருக்கு டெக்சாஸில் வேலை. மாதத்தில் சில நாட்கள் வருவார். வந்தாலும் பாதி நேரம் மீட்டிங்கில் இருப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. யாருடனும் ஒரு வார்த்தை தமிழில் பேசாமலே கழிந்த வாரங்கள் எனக்கு உண்டு.

கவிதா குடிவந்த பிறகு அது மாறியது. ஈரோட்டுக்காரி. காபிக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். தன் சமையலறைத் தரையில் கரண்டிக் காம்பால் தட்டுவாள். என் கூரையில் 'டக் டக்' என்று கேட்கும். காபி தயார், மேலே வா என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்காகவே அலுவலகத்திலிருந்து ஓடி வருவேன். நட்பா அது? பசியா? இன்றுவரை பிரித்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது...

ஒருநாள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"சுபா, நான் ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன்டி. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணன் ஒருத்தரால மேனேஜ் பண்ண முடியல. நான் முன்னாடி போறேன். ஸ்கூல் லீவ் விட்டதும் செந்தில் மாயாவ கூட்டிட்டு வந்துருவாரு."

"எவ்ளோ நாளைக்கு?"

"நாள் என்ன நாளு... அப்படியே அங்கயேதான். செந்திலும் ஓகே சொல்லிட்டாரு."

"நல்ல டிசிஷன்" என்றேன். அவள் கையைப் பற்றிக்கொண்டேன். என் வாய் சொன்னதை என் உடம்பில் வேறு எதுவும் நம்பவில்லை!

இங்கே டேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சான் ஹோசேயில் என்னுடன் வேலை செய்கிறவள், என் வயதுதான். நாள் முழுவதும் மென்பொருளில் பிழை தேடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுப் பின்புறத்து எலுமிச்சை மரத்தடியில் நான்கைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு மந்திரம் பழகுவாள். 'விட்ச்' என்று தன்னைத்தானே கூசாமல் சொல்லிக்கொள்வாள். நம் ஊரில் சூனியம் என்றாலே கதவைச் சாத்துவார்கள். இங்கோ அது லாவெண்டர் மணத்தோடு, பீங்கான் கோப்பைத் தேநீரோடு, மெல்லிய சிரிப்போடு நடந்தது. நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்... பிறகு வேடிக்கையாக இல்லை.

மெழுகுவர்த்தியின் சுடரைப் பார்த்தபடி வேண்டியதை மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரம் இருக்கிறதே! வெயில் எலுமிச்சை இலைகளுக்குள் புகுந்து பச்சையாகச் சொட்டும். யாரோ ஒருத்தி வார்த்தையில்லாமல் முனகுவாள். விழித்திருக்கிறோமா, உறங்குகிறோமா என்று தெரியாது. உலகம் மெழுகைப் போல இளகிவிட்டது, நாம் அழுத்தும் பக்கம் அது வளையும் என்று தோன்றும்.

டேனா அந்த மயக்கத்துக்குள் எங்களைத் தனியே விட்டதில்லை. ஆங்கிலத்தில், கறாராகவே சொல்வாள்: "உனக்காக வேண்டு. இன்னொருவர் வாழ்க்கையைத் தொடுவதாக இருந்தால், முதலில் அவரிடம் கேள். அவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடு." சுடரை அணைக்காமல் ஒருத்தி எழுந்தால் கோபித்துக்கொள்வாள். சிந்திய மெழுகு, எண்ணெய், சாம்பல் எல்லாவற்றையும் துடைத்த பிறகுதான் தேநீர் தருவாள். "நாம் விட்டுச் செல்வதை யாரோ மிதிப்பார்கள்" என்பாள்.

நான் தலையாட்டினேன். கேட்காமல் செய்யப்போகிறவள் போலவா இருந்தேன் நான்? இல்லை. மிக நல்ல மாணவியாகத் தெரிந்திருப்பேன்!

கவிதாவின் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அம்மாவுக்கு அர்ச்சனை செய்ய அவர்கள் மூவரும் லிவர்மோர் கோயிலுக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன். கார் தெருமுனையில் திரும்புவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம். குன்றுகள் பச்சை பிடித்திருந்தன. அந்தி வந்ததும் வளைகுடாப் பக்கமிருந்து மூடுபனி எழுந்து, கார் நிறுத்துமிடத்தை விழுங்கி, எங்கள் வேலியைத் தொட்டு நின்றது. ஆலிவ் எண்ணெயில் ரோஸ்மேரி இலைகளைப் போட்டுச் சூடாக்கினேன். அடுக்களை முழுவதும் ஒரு காட்டின் வாசனை. மெழுகுவர்த்தி ஏற்றி, அவள் பெயரைச் சொன்னேன். கவிதா... கவிதா... கவிதா போகக் கூடாது. எவ்வளவு முறை சொன்னேனோ! கடைசியில் அந்தப் பெயர் என் வாயில் ஒரு தாலாட்டைப் போல ஆகிவிட்டது.

ஒருவர் ஓரிடத்தை விட்டு நீங்காதிருக்க அவர் தாண்டும் வாசலில் கோடு வரைவதுண்டு என்று எங்கேயோ படித்திருந்தேன். டேனா அதைச் சொல்லித் தரவில்லை. சொல்லியும் தரமாட்டாள்.

கிண்ணத்தோடு மாடிப்படி ஏறினேன். வெளிப்புறச் சிமென்ட் படி. அவர்கள் வாசலை ஒட்டிய மேல்படியின் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். விரலை எண்ணெயில் நனைத்து, அந்த விளிம்பின் மேல் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை இழுத்தேன். ஒரு கோடு போதாதென்று தோன்றியது... மறுபடி இழுத்தேன். மறுபடியும். விளக்கொளியில் அது தங்கச் சரிகை போல மின்னியது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? நான் அழுதேன் என்று நினைக்கிறேன். இறங்கி வந்து, அவர்கள் திரும்பி மாடி ஏறிய சத்தம்கூடக் கேட்காமல், பல மாதங்களாக உறங்காத உறக்கம் உறங்கினேன்.

நீங்கள் கேட்கலாம்: அது எண்ணெய், அது படி, அதில் ஒரு குழந்தையும் இறங்கும் என்று உனக்குத் தோன்றவில்லையா? தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை! கனவில் இருப்பவளுக்குப் படி எப்படிப் படியாகத் தெரியும்? ஆனால் இது விளக்கம்தான். மன்னிப்பு அல்ல என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை மூடுபனி இன்னும் விலகவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மேலே கதவு திறந்தது. மாயாவின் குரல். பிறகு ஒரு சத்தம். மூட்டை ஒன்று உருள்வது போல. பிறகு கவிதாவின் அலறல்.

இப்போது சொல்லப்போவதுதான் உண்மையான வாக்குமூலம். இதுவரை சொன்னது அதற்கு முன்னுரை.

அந்த அலறலைக் கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்தது பயமல்ல. 'பலித்துவிட்டது' என்ற எண்ணம். கண் இமைக்கும் நேரம்தான்... ஆனால் அது மகிழ்ச்சி. வேறு பெயர் அதற்கில்லை!

அதன் பிறகுதான் ஓடினேன். அவள் கீழ்ப்படியில் சரிந்து கிடந்தாள். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. "அம்மா... அம்மா..." என்று முனகிக்கொண்டிருந்தாள். மாயா மேலேயே நின்றிருந்தாள். நல்லவேளை, பின்னால் வந்திருக்கிறாள். நான் தூக்கப் போனபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"ஆன்ட்டி, இட் ஸ்மெல்ஸ் லைக் பீட்சா."

செந்தில் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். ரோஸ்மேரி எண்ணெயின் வாசனையைத்தான் சொன்னாள். யாரும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

ஆம்புலன்ஸ் போனதும் என்ன செய்தேன் தெரியுமா? மாயாவை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் எடுத்துக்கொண்டு போய் அந்தப் படியைத் தேய்த்தேன். விரல் நகம் நோகும் வரை தேய்த்தேன். மனம் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. கைகள் மட்டும் நன்றாக விழித்திருந்தன. அதுவரை செய்ததை அறியாமை என்று நீங்கள் சொல்லலாம். இதை என்னவென்று சொல்வீர்கள்?

கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. அறுவை செய்து தகடு வைத்தார்கள். இப்போதைக்கு விமானத்தில் நீண்ட நேரம் உட்கார முடியாது, இரத்தம் கட்டிவிடும் என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் செந்தில் என்னிடம் சொன்னார்:

"பனி ஈரம் சுபா. நான்தான் ஷூ போட்டுட்டு இறங்குன்னு சொல்லிருக்கணும். செருப்போட போயிட்டா. என் மிஸ்டேக்தான்."

"அப்படியெல்லாம் நெனைக்காதீங்க" என்றேன். ஆறுதல் சொன்னேன் அவருக்கு! நான்!

பிறகு குடியிருப்பு மேலாளர் வந்து எல்லாப் படிகளிலும் சொரசொரப்பான கறுப்புப் பட்டை ஒட்ட வைத்தார். குடியிருப்பே அதற்கு அவரைப் பாராட்டியது.

கவிதாவை நான் பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டேன்! குளிப்பாட்டினேன், தலை பின்னினேன், ரசம் வைத்துக் கொடுத்தேன், மாயாவைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. அந்த வாரங்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். நாள் முழுவதும் அவள் குரல் பக்கத்தில் இருந்தது. கேட்ட வரம் கிடைத்திருந்தது.

அம்மா காத்திருக்கவில்லை.

அங்கே காலை, இங்கே அந்தி. கவிதா சோபாவில், கால் தலையணை மேல். ஈரோட்டிலிருந்து அவள் அண்ணன் வீடியோ காலில் காட்டினார். மாலைகள், ஊதுபத்திப் புகை, சுற்றிலும் பெண்கள். அவள் கையிலிருந்து போனை வாங்கி நான் பிடித்துக்கொண்டேன். சடங்கு முடியும் வரை நான்தான் பிடித்திருந்தேன். படம் நின்று நின்று வந்தது. அம்மாவின் முகம் ஒருமுறை அப்படியே உறைந்துவிட்டது... எனக்கு நேராக.

"கிட்டக் காட்டுடி," என்றாள் கவிதா. "இன்னும் கிட்டக் காட்டு. முகத்தப் பார்க்கணும்."

நான் கிட்டக் காட்டினேன். வேறென்ன செய்ய?

அம்மா இல்லாத ஊருக்கு இனி எதற்கு என்று செந்தில் சொன்னார். அவளும் மறுக்கவில்லை. அவர்கள் போகவில்லை. நான் வேண்டியது வேண்டியபடியே, ஒரு சொல்கூடக் குறையாமல் நடந்தது!

டேனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓர் எண்ணெய்த்துளி விடாமல் சொன்னேன். "நான் வேண்டியதால்தான் விழுந்தாளா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடலாம் என்று இருந்தது எனக்கு.

அவள் என் தேநீர்க் கோப்பையை வாங்கி எலுமிச்சை மரத்தடியில் வைத்தாள்.

"மந்திரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, சுபா. எண்ணெய் என்ன செய்யும் என்று தெரியும். அவளிடம் சொல். சொல்லிவிட்டு இங்கே வா. அதுவரை வராதே."

நான் திரும்பப் போகவில்லை. அலுவலகத்தில் அவளைப் பார்க்கும்போது வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். அவள் கண்கள் ஒவ்வொரு முறையும் கேட்கின்றன. நான் ஒவ்வொரு முறையும் கைப்பையைத் துழாவுகிறேன்.

சொல்ல முயன்றதில்லையா என்பீர்கள். முயன்றேன். ஒரு மாலை, அவள் கால் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, "கவிதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவள் திரும்பி, "நீ இல்லாட்டி நான் பைத்தியமாயிருப்பேன்டி. என் கூடப் பொறந்தவகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அன்பைக் கெடுக்க வேண்டாம் என்றா? இல்லை... அந்த அன்பை இழக்க வேண்டாம் என்று.

போன வாரம் காபி குடித்துக்கொண்டிருந்தோம். கவிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சுபா, நீ முன்னாடி ஏதோ மெழுகுவர்த்தி கிளாஸ் போவியே... வேண்டிக்கிட்டா நடக்கும்னு சொல்லுவியே..."

"அதெல்லாம் சும்மா."

"சும்மாவே இருக்கட்டும். எனக்காக ஒரு தடவ ஏத்தேன். அம்மா கனவுல வரவே மாட்டேங்கறாங்க. எல்லாருக்கும் வராங்களாம், அண்ணிக்குக்கூட வந்தாங்களாம். எனக்கு மட்டும் வரல. நான் வரலைன்னு கோவமோ என்னமோ... ஒரே ஒரு தடவ வந்தாப் போதும். எனக்காகக் கேளு. நான் சொல்றேன்ல, கேளு."

முதல் முறையாக, ஒருத்தி தன் வாயால், தன் சம்மதத்தோடு, எனக்கு ஒரு வேண்டுதலைத் தந்தாள். கேட்டுச் செய் என்றாளே டேனா... கேட்காமலே கிடைத்துவிட்டது!

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தியை எடுத்து மேஜையில் வைத்தேன். தீப்பெட்டியைத் திறந்தேன். குச்சியை உரசவில்லை.

ஏன் என்று கேளுங்கள். அம்மா வராமல் போய்விடுவாரோ என்ற பயமல்ல... வந்துவிட்டால்? போய்ச் சேர்ந்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார்களே. மகளின் கனவில் வந்து, பக்கத்தில் அமர்ந்து, அவளால் ஏன் ஊருக்கு வரமுடியாமல் போனது என்று அவர் சொல்லிவிட்டால்?

ஒரு சுடர். அவள் கேட்டது அவ்வளவுதான். அதைக்கூட நான் தரவில்லை.

இன்று காலையும் கவிதா இறங்கி வந்தாள். குளிரில் அந்தக் கால் இன்னும் வலிக்கிறது; கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வருகிறாள். என் கதவருகில் நின்று, கண்களால் மட்டும் சிரித்தாள்.

"நேத்தும் வரலடி. ஏத்துனியா?"

"ஏத்துனேன்," என்றேன்.

"தேங்க்ஸ்டி," என்றாள்.