இரண்டு விரல் அகலச் சாக்கடை

தகராறு முழுக்க இரண்டு விரல் அகலமுள்ள ஒரு சாக்கடையைப் பற்றியது. அதில் தண்ணீர்கூடக் கிடையாது. கறுப்புப் பெயிண்டின் மேல் வார்னிஷ், அவ்வளவுதான்.

அதைச் செய்தவர் கழிவுநீர் ஏற்று நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பம்பு ஓட்டுகிறவர். மாதிரி ரயில் சங்கத்தில் அவருக்குப் பெயரே பம்புதான். மரக்கடை மாடியில் ஞாயிறு காலை கூடுகிற பதினான்கு பேர் சங்கம் அது. ஆளுக்கு ஒரு நாலடிப் பலகையில் தண்டவாளம் போட்டு, மலையோ வயலோ ஊரோ செய்து வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். எல்லாப் பலகைக்கும் ஒரே அளவு. தண்டவாளம் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் ஒன்றே. யார் பலகையும் யார் பலகைக்குப் பக்கத்திலும் உட்காரும். சேர்த்துவிட்டால் சுற்றுப்பாதை ஆகிவிடும், ரயில் ஓடும். மனுஷர்களுக்கு இன்னும் வராத பழக்கம் பலகைகளுக்காவது வந்திருக்கிறதே என்று சேர்ந்த புதிதில் பம்பு பூரித்துப்போனார்.

தெரிந்ததை முடிந்துவைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. தெர்மோகோலைச் செதுக்கி மலை எழுப்புவது, காயவைத்த டீத்தூளை மண்ணாகத் தூவுவது, செம்புக் கம்பியை முறுக்கி ஸ்பாஞ்சு ஒட்டி மரம் செய்வது என்று எல்லாவற்றையும் படம்பிடித்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போடுவார். கேட்டவருக்கும் பதில் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார்.

சங்கச் செயலாளர் பல் டாக்டர். பம்பு சொன்னபடியே அவரும் குகையோடு ஒரு மலை செய்தார். பம்பு குழுவில் எழுதியிருந்தார்: ‘மலைக்குப் பின்பக்கம் கை நுழைகிற அளவு வழி விடுங்கள். உள்ளே வண்டி கவிழ்ந்தால் எடுக்க வேண்டாமா?’ டாக்டர் வழி விடவில்லை. மலையில் ஓட்டை இருந்தால் அசிங்கமாம். போதாததற்குத் தன் கிளினிக்கில் பல் அச்சு வார்க்கிற மாவைக் குழைத்து மேலே பூசினார். காய்ந்தால் கருங்கல் தோற்றுவிடும்.

பம்புவின் பலகை பதினோரு மாத உழைப்பு. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் அது. தண்டவாளத்தை ஒட்டி ஒன்பது தகர வீடுகள், கொடியில் துணி, குடங்களோடு ஒரு வரிசை, வாசல்களை உரசிக்கொண்டு அந்தச் சாக்கடை. சங்கம் அதே மாடியில் நடத்தும் வருடக் கண்காட்சிக்கு முந்தைய கூட்டத்தில் அதைப் பார்த்த டாக்டர் மூக்கைச் சுளித்தார், நாற்றம் வந்ததுபோல.

“வேலை பிரமாதம்பா. அந்தச் சாக்கடையையும் வீட்டையும் மட்டும் எடுத்துடு. சேர்த்துக்கலாம்.”

“எடுத்துட்டா என்ன டாக்டர் மிஞ்சும்?”

“குழந்தைங்க பார்க்க வர்ற இடம்பா.”

“அந்த வீடுங்கள்லயும் குழந்தைங்க இருக்காங்க. ரயிலை அவங்கதான் தினம் பார்க்கிறாங்க.”

“உன் டியூட்டியை இங்கயும் கொண்டுவராதே, பம்பு.”

சிரிப்பு எழுந்தது. ஓட்டெடுத்தார்கள். பத்துக் கை டாக்டர் பக்கம் உயர்ந்தது. கணக்கு வாத்தியாரின் கை பாதி உயர்ந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. பலகை மேசைக்கு அடியில் போனது.

கண்காட்சியன்று பகல் பன்னிரண்டுக்கு டாக்டரின் குகைக்குள் போன ரயில் வெளியே வரவில்லை. முப்பது குழந்தைகள் மறுவாயில் குனிந்து காத்திருந்தார்கள். டாக்டர் குச்சியை விட்டுக் குடைந்தார். மலையைத் தட்டினார். உளி வைத்தால் உளி வழுக்கியது.

“சொத்தைப் பல்லுன்னா இந்நேரம் வந்திருக்கும் டாக்டர்,” என்றார் கணக்கு வாத்தியார். பிறகு மெல்ல, “பம்பு பலகை கீழே சும்மாத்தானே கிடக்கு?”

வேறு வழியில்லை. மலையை ரயிலோடு தூக்கி ஓரம் வைத்தார்கள். அந்த இடத்தில் பம்புவின் பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. அவரே ஒயரை மாட்டினார். வேறொரு ரயில் வந்து, ஒன்பது வீடுகளையும் உரசிக்கொண்டு போனது. “அம்மா, துணி எல்லாம் பாரு, குட்டிக் குட்டியா!” என்று ஒரு பெண்குழந்தை கத்தியது. பம்பு சாப்பிடப் போனபோது நடையே மாறியிருந்தது.

திரும்பி வந்தபோது வீடுகளைக் காணோம்.

மரங்கள் நின்றன. டாக்டரின் மலையிலிருந்து பிடுங்கிய பதினெட்டு மரங்கள், வீடுகளின் முன்னால் நெருக்கிக் குத்தப்பட்டு, பசை ஊற்றப்பட்டு. சாக்கடைமேல் பச்சைத் தூள். குத்திய விதம், ஊற்றிய பசை, எல்லாம் அவர் குழுவில் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிசகில்லாமல்.

“பசுமையா இருக்கட்டுமேன்னுதான்,” என்றார் டாக்டர். “வீடு உள்ளேதான் இருக்கு, எங்கேயும் போகலை. கோவிச்சுக்காதே.”

பம்பு ஒரு மரத்தைப் பிடித்து இழுத்தார். கூரைத் தகரமும் சேர்ந்து வந்தது.

அவர் மின்சாரத்தை அணைத்தார். ஒயரைக் கழற்றினார்.

“யோவ், என்ன பண்றே? நடுவுல எடுத்தா எந்த ரயிலும் ஓடாது!”

“வீட்டை மறைச்சாதான் ரயில் ஓடும்னா, நிக்கட்டும் டாக்டர்.”

“வாத்தியாரே, நீங்களாவது சொல்லுங்க!”

வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் மேசையில் உட்கார்ந்திருந்த பம்புவின் மனைவி எழுந்து வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். “கோபத்துல படியை விட்டுடாதீங்க. பார்த்துக் காலை வைங்க.” மேலே குழந்தைகள், “ரயில் ஓடலையா? ஏன் ஓடலை?” என்று கேட்பது கீழ்ப்படிவரை கேட்டது. டாக்டரின் பேச்சைவிட அதுதான் அவரைச் சுட்டது.

வாசலில் கிடந்த பெஞ்சின்மேல் பலகையை வைத்தார்கள். மனைவி கைப்பையில் துழாவி ஒரு பிளேடை எடுத்துக் கொடுத்தாள். பம்பு குனிந்து, பசையை அறுக்க ஆரம்பித்தார். முதல் மரம் சுத்தமாக வந்தது. இரண்டாவது, ஒரு வாசலைப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

டிக்கெட்டோடு படியேறப் போன ஒருவர், மகனை இடுப்பில் வைத்தபடி நின்று எட்டிப் பார்த்தார்.

“ரயில் எங்கேங்க?”

“மேல இருக்கு.”

“அப்ப இது?”

“இது, ரயில் போற இடம்,” என்ற பம்பு, நிமிராமல் மூன்றாவது மரத்தின் அடியில் பிளேடை வைத்தார்.