திமிங்கில வேட்டை வீட்டின் கவுண்டரில்

அருங்காட்சியக வேலையில் முதலில் தேய்வது சப்பாத்து, அடுத்தது பொறுமை. இதே வேலையில் கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் ஜேர்மனியின் ஹம் நகரத்தில் வளர்ந்தவள். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, வடகடல் தீவொன்றில் உள்ள இந்தத் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது.

சாப்பாட்டு நேரம்

தெற்கு ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் டிக்கெட் எடுத்தார்கள். வழக்கம்போலத் தொடங்கினேன். இந்தத் தீவு மண்ணில் விளைந்தது வயிற்றுக்குப் போதாது. அதனால் ஆண்கள் வசந்தம் வந்ததும் ஒல்லாந்துக் கப்பல்களில் ஏறி, கிரீன்லாந்துப் பக்கம் வேட்டைக்குப் போனார்கள். திமிங்கிலக் கொழுப்பை உருக்கிய எண்ணெயில் நகரங்களின் விளக்குகள் எரிந்தன. பிறகு திமிங்கிலங்கள் அருகிப்போக, தொழிலும் படுத்தது. மிஞ்சிய ஈட்டிகளையும் கடிதங்களையும் ஊர்க்காரர் சேர்த்து வைத்த வீடுதான் இது.

கணவர் கடைசிவரை கேட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எல்லாம் சரி. திமிங்கிலத்துக்கு எத்தினை மணிக்குச் சாப்பாடு போடுவீங்கள்?"

ஹின்ரிக்கின் புத்தகம்

ஹின்ரிக் இந்த ஊர் முதியவர். கப்பல் தலைவராக இருந்த தன் மூதாதையின் நாட்குறிப்பை எங்களுக்குக் கொடுத்தவர். அதற்குப் பக்கத்தில், 'இவர்களுடைய வேட்டையால் அந்தக் கடலில் திமிங்கிலமே இல்லாமற் போகும் நிலை வந்தது' என்று எங்கள் பொறுப்பாளர் உல்ரிக்கே புதிதாக ஒரு வசனம் எழுதி ஒட்டினார். மறுநாள் காலையே ஹின்ரிக் வந்து நின்றார். தன் குடும்பத்தைக் கொலைகாரர் ஆக்கிவிட்டோமாம், புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். அதைக் கொடுத்தால் அந்த அறையே வெறிச்சோடிவிடும். ஆனாலும் உல்ரிக்கே வசனத்தை எடுக்க மாட்டேன் என்றார்.

நாட்குறிப்பு இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். அந்தக் காலத்து ஜேர்மன் கையெழுத்து ஹின்ரிக்குக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. உல்ரிக்கே ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார். குட்டி ஈட்டி பட்டுச் செத்த பிறகும் தாய் அதை விட்டு விலகவில்லை, அதனால் தாயையும் பிடிப்பது சுலபமாக இருந்தது, அன்று கப்பலில் ஒருவரும் பாடவில்லை என்று எழுதியிருந்தது. ஹின்ரிக் கதிரையில் இருந்துவிட்டார். நான் கொடுத்த தேநீர் ஆறிப்போனது. எழும்பும்போது சொன்னார்:

"அந்தப் பக்கத்தையே விரிச்சு வையுங்கோ. வசனமும் இருக்கட்டும்."

அப்பா வந்த நாள்

தொழிற்சாலையில் ஒரு கிழமை லீவு எடுத்து அப்பா முதல் தடவையாக வந்தார். ஈட்டிகளை அவர் சரியாகப் பார்க்கவேயில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்றார். இவர்களுடைய பெண்சாதிகளுக்கு எப்போது தெரியவரும் என்று கேட்டார். இலையுதிர் காலத்தில் கப்பல்கள் திரும்பும்வரை தெரியாது என்றேன்.

அவருடைய தம்பி இலங்கையில் யுத்தத்தில் காணாமற்போனவர். வீட்டில் அந்தப் பேச்சு வருவதில்லை. அப்பா ஜேர்மன் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார்.

"பெயரையாவது எழுதி வைச்சிருக்கினம், பிள்ளை."

திமிங்கிலங்களைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம், வருகிறவர்களோ தங்கள் வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள்.