செத்த வீட்டில் மட்டும் அணையும் மெஷின்

எங்களுடைய லப்டொப் கட்டடப் படம் கீறும் பொறியியலாளர்களுக்கென்று செய்யப்பட்டது. கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்றதை வாங்கினோம். தூக்கினால் தோள் இழுக்கும். ஆனால் நல்ல உழைப்பாளி. கலியாணம், பிள்ளைகள் நற்கருணை வாங்கும் முதல்நன்மை, செத்த வீடு எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்புகிறோம். கமராவும் மெஷினும் என் பொறுப்பு. ஓட்டோ ஓட்டுவது, அன்டெனாவைக் கம்பில் கட்டி உயர்த்துவது, இடையிடையே என்னைச் சீண்டுவது ஆகியவை என் கணவரின் பொறுப்பு.

எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை திரையில் முகம் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை வாயால் "மூடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் மூடுவார்கள். அதுவரை செபிக்க வந்த சுவாமியும் காத்து நிற்பார், சேமக்காலையில் குழி வெட்டியவர்களும் காத்து நிற்பார்கள். இதற்கு ஒரு ஃபோன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வந்த சனம் முழுக்க ஆளுக்கொரு ஃபோனோடு நின்றால் கரையோரச் சிக்னல் திணறிப்போகும். எங்கள் அன்டெனாவும் லப்டொப்பும்தான் தாக்குப்பிடிக்கும்.

போன வருடம் அதுவும் கைவிடத் தொடங்கியது. செபம் நடந்துகொண்டிருக்கும், திரை சட்டென்று கறுத்துவிடும். ஒரு வீட்டில், கனடாவில் இருந்த மகள் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. திரும்பப் போடுவதற்குள் பொழுது சாய்கிறதென்று பெட்டியை மூடிவிட்டார்கள். அந்தப் பெண் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மெஷினை விடவில்லை நான். மெமரி போதாதென்று நினைத்து இரண்டு மடங்காக்கினேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டேன். பற்றரி மாற்றினேன். முதுகைத் திறந்து, உப்புக் காற்றில் பிசுபிசுத்துப் போயிருந்த சாம்பிராணிப் புகைக்கரியையும் மணலையும் பிரஷ்ஷால் துடைத்தேன். சூட்டை இழுக்கும் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினேன். பிறகு எங்கள் ஊரான தோட்டவெளியில், வீட்டு மரமேசையில் வைத்து, நாள் முழுக்கக் கனமான வீடியோக்களை ஓடவிட்டேன். அசையவில்லை. அடுத்த செத்த வீட்டில் மறுபடி அணைந்தது.

"உன்ர மெஷின் கலியாண வீட்டில துள்ளித் துள்ளி வேலை செய்யுது. செத்த வீட்டுக்குப் போனா அதுவும் சேர்ந்து சாகுது," என்றார் கணவர்.

"பகிடியை விட்டிட்டு அந்தக் கம்பை ஒழுங்காக் கட்டுங்கோ," என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பகிடி மனதில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் கரையோரக் கிராமமான தாழ்வுபாட்டிலிருந்து அழைப்பு வந்தது. இறந்தவர் கடற்தொழிலாளி. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மனைவியோடும் மகனோடும் திரும்பி வந்து, ஒரு வலையில் தொடங்கி வீட்டை எழுப்பியவர். ஒரே மகன் பிரான்சில் இருந்தான். விசா இன்னும் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அவனே என்னோடு கதைத்தான்.

"அக்கா, அப்பான்ர முகத்தை எனக்குக் காட்டிப்போட்டு மூடச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அந்த மெஷினைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

போய் இறங்கியபோது வீடு முழுக்க வெள்ளை கட்டியிருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் எனக்கொரு மேசை போட்டிருந்தது. இறந்தவரின் மனைவியுடைய தங்கச்சி தடித்த வெள்ளைத் துணியொன்றை நாலாக மடித்து மேசையில் விரித்தார். எல்லாச் செத்த வீட்டிலும் இப்படித்தான் செய்வார்கள். மரியாதையான வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மெஷினை வைத்து, படத்தைச் சரிபார்த்து, சுருங்கியிருந்த துணியை இழுத்துவிட அடியில் கையை விட்டேன். சுட்டது. நன்றாகவே சுட்டது.

அந்த மெஷின் காற்றை அடியிலிருந்துதான் இழுக்கும். அதன் பாரத்தில் மெத்தென்ற துணி அமிழ்ந்து, துவாரங்கள் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருந்தது. கலியாண வீட்டில் எனக்கு யார் வெள்ளைத் துணி விரிக்கிறார்கள்? சவுண்ட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் பிளாஸ்டிக் மேசையைத் தள்ளிவிடுவார்கள். மனுசன் பகிடியாகச் சொன்னது அப்படியே உண்மை. நானோ மெமரி, டிஸ்க், பற்றரி என்று மெஷினின் வயிற்றுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

துணியை எடுக்கப் போனேன். தங்கச்சிக்காரி கையைப் பிடித்துவிட்டார்.

"பெட்டிக்குப் பக்கத்தில வெறும் மேசை வைக்கக் கூடாது பிள்ளை."

வேறு நாளென்றால் வாதாடியிருப்பேன். "அப்ப துணிக்கு மேல உயர்த்தி வைக்க ஏதும் தாங்கோ அம்மா. இதுக்கும் மூச்சு விட வேணும்," என்றேன்.

அதுவரை பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்த, இறந்தவரின் மனைவி எழும்பினார். பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் நான்கு மிதப்புகள் இருந்தன, வலையின் மேற்கயிற்றில் கோர்ப்பவை, தட்டையானவை. அறுத்த நூல் இன்னும் அவற்றில் தொங்கியது.

"அவர் இனிக் கடலுக்குப் போறேல்லத்தானே," என்றார்.

நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாக வைத்து, மெஷினை அவற்றின்மேல் இருத்தினேன். கொஞ்ச நேரத்தில் விசிறியின் இரைச்சல் தணிந்தது.

செபமாலை முடிந்தது. சுவாமி வந்து செபித்தார். மெஷின் அணையவில்லை. கமராவைத் தகப்பனின் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். கோயில் மூப்பர் மூடியில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, மூடட்டோ?"

திரையில் அவன் அசையவில்லை. கண் இமைக்கக்கூட இல்லை.

"லைன் போயிட்டுது போல," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "படம் நிண்டிட்டுது." கணவர் அன்டெனாக் கம்பை ஒருக்கால் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மிதப்புகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தேன். காற்று ஓடிக்கொண்டிருந்தது. திரையைக் கிட்டப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால், சுவர் மணிக்கூட்டில் நொடிமுள் நகர்ந்துகொண்டிருந்தது.

"லைன் போகேல்ல," என்றேன். "அவர் பாக்கிறார்."

"பாக்கட்டும்," என்றார் தாய்.

மூப்பர் மூடியிலிருந்து கையை எடுத்தார். வெகுநேரம் கழித்து அவன் உதடு அசைந்தது.

"மூடுங்கோ."

மூடினார்கள். ஆணி முறுக்கும் சத்தத்தோடு அவன் உடைந்துபோனான். இந்த வீட்டில் அழுகிற ஒவ்வொருவரையும் இன்னொருவர் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்த அந்த அறையில் அவனைப் பிடிக்க ஒருவரும் இல்லை. கதவில் ஒரு குளிர்ச்சட்டை தொங்கியது, அவ்வளவுதான். இத்தனை பாடுபட்டு ஓடவைத்த மெஷின் இதையும் ஒளிக்காமல் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு கணம், அது அணைந்துபோனால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

பெட்டியைத் தூக்கினார்கள். தாய் அதன் பின்னால் போகவில்லை. நேரே மேசைக்கு வந்து, இரண்டு கையாலும் லப்டொப்பை அணைத்து, திரையில் கன்னத்தை வைத்தார். "என்ர ராசா, நான் இஞ்ச நிக்கிறன்," என்றார். அவருடைய சேலைத் தலைப்பு சரிந்து, சூடு வெளியே வரும் பக்கத்தை அப்படியே மூடிக்கொண்டது.

விசிறி திரும்ப இரையத் தொடங்கியது. கணவர் என்னைப் பார்த்தார். விலகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, தலைப்புக்குள் கையை விட்டுத் துணியை மெஷினிலிருந்து தள்ளிப் பிடித்தேன். சூடான காற்று விரல்களில் அடித்தது. சுவாமி வாசலில் காத்து நின்றார், பெட்டியைத் தூக்கியவர்களும் நின்றார்கள். தாயும் மகனும் அழுது முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.